நல்ல மாத்திரை

மஸ்கட்,
14.6.1998

அன்புள்ள பகவதிக்கு அக்கா பிரேமா எழுதுவது.

இங்கே அத்தான், ஸ்வப்னா, நான் மூவரும் சுகம். நீயும் அம்மாவும் அப்படியே இருக்க வேண்டும் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். உன் கடிதம் பக்கத்தில் விரிந்து கிடக்கிறது. அதைப் பார்த்துக்கொண்டே அந்த வரியை எழுதக் கூசுகிறது.

சாலைக் கடைத்தெருவில் அம்மா மயங்கி உட்கார்ந்துவிட்டாள், ஹீமோகுளோபின் எட்டுதான் இருக்கிறது என்று இரண்டே வரி. யார் பிடித்தார்கள்? அடிபட்டதா? வீட்டுக்கு எப்படி வந்தாள்? லைப்ரரியில் எடுத்த புத்தகத்தைப் பற்றி மூன்று பக்கம் எழுதுகிறவள் நீ. வீட்டைப் பற்றி மட்டும் தந்தி அடிக்கிறாய். அவளுக்கு ஐம்பத்தாறுதான் ஆகிறது பகவதி.

டாக்டர் எழுதிக் கொடுத்த கேப்ஸ்யூலின் உறை ஜெலட்டின், அது மாட்டு எலும்பிலிருந்து எடுப்பது என்று நீ படித்துச் சொன்னதும், அம்மா அதைக் கையால் தொடமாட்டேன் என்றுவிட்டாளாமே. சொல்லாமல் இருந்திருக்கக் கூடாதா? சரி, போகட்டும். அத்தானோடு வேலை செய்யும் ராமசுப்ரமணியன் அடுத்த வாரம் லீவில் வருகிறார், கரமனையில்தான் வீடு. அவரிடம் இரண்டு பாட்டில் கொடுத்துவிடுகிறேன். இரும்புச் சத்தும் ஃபோலிக் ஆசிடும் சேர்ந்தது. கேப்ஸ்யூல் இல்லை, மாத்திரை. பெரிய பார்மசியில் நின்று, கேட்டு, வாங்கினேன். வெளிநாட்டுச் சரக்கு என்பதால் மட்டும் நம்பிவிட மாட்டாய் என்று தெரியும். கெமிஸ்ட்ரி டீச்சரம்மா, நீயே பரிசோதித்துக்கொள்.

சாயங்காலம் ஒரு டம்ளர் பால் கொடு. மோர் ஊற்றிச் சாப்பிடச் சொல். மறக்காதே.

அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டதாக நினைத்து முடிக்கிறேன்.
பிரேமா


திருவனந்தபுரம்,
5.7.1998

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதமும் பாட்டில்களும் வந்தன. அம்மா எழுந்து நடமாடுகிறாள். எனக்கு ஒன்றும் இல்லை. அத்தானையும் ஸ்வப்னாவையும் விசாரித்ததாகச் சொல்.

உன் கேள்விகளுக்குப் பதில்: ஜவுளிக்கடைக்காரர் பிடித்தார். அடிபடவில்லை. ஸ்டூலில் உட்காரவைத்து சோடா கொடுத்தார்கள். ஆட்டோவில் வந்தாள். வந்ததும் மயக்கத்தைப் பற்றிப் பேசாமல், வாங்கின துவரம்பருப்பை அங்கேயே விட்டுவிட்டதைப் பற்றித்தான் பேசினாள்.

மாத்திரையை நீ சொன்னபடி பரிசோதித்தேன். மூடியின் சீல் முழுசாக இருக்கிறது. தேதி 2000 வரை. ஒரு மாத்திரையில் எது எத்தனை மில்லிகிராம் என்று தனித்தனியாகப் போட்டிருக்கிறார்கள். ‘எல்லாச் சத்தும் அடங்கியது’ என்று பொத்தாம்பொதுவாகச் சொல்லவில்லை. அதுவே பாதி நம்பிக்கை. பிறகு அரை டம்ளர் வினிகரில் ஒன்றைப் போட்டு ஐந்து நிமிடத்துக்கு ஒரு தடவை கலக்கினேன். அரை மணிக்குள் கரைய வேண்டும் என்பது கணக்கு. கரையாத மாத்திரை வயிற்றிலும் கரையாது, வந்த வழியே போய்விடும். வாசலில் வந்து ஒருவர் விற்றுப்போன சத்து மாத்திரை ஒன்றையும் பக்கத்து டம்ளரில் போட்டேன். உன்னுடையது பதினெட்டு நிமிடத்தில் கரைந்துவிட்டது. அது மறுநாள் காலையிலும் கூழாங்கல் மாதிரிக் கிடந்தது.

அம்மா வந்து எட்டிப் பார்த்தாள். “என்னட்டி, மாத்திரைய ஊறுகாய் போடுதியா?”

“தரம் பாக்கேன்மா.”

“பெண்ணு பாக்க வாறவன் இதைப் பாத்தான்னா வந்த வழியே போவான், கேட்டோ.”

பேரலல் காலேஜில் நான் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பது வீட்டில் பயன்பட்டது இதுதான் முதல் தடவை. மாத்திரையை மட்டும் நம்பவில்லை அக்கா. வாரத்தில் மூன்று நாள் முருங்கைக்கீரை. காலையில் கேழ்வரகு. முளைகட்டின பயறு. நெல்லிக்காய். இரும்புச் சத்து உடம்பில் சேர எலுமிச்சை. மாத்திரைக்கு ஒரு மணி நேரம் முன்னும் பின்னும் சாயா கிடையாது. அடுப்பங்கரைச் சூடு படாமல் பாட்டில் என் புத்தக அலமாரியில் இருக்கிறது.

பால் பற்றி நீ எழுதியதை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். சிரித்தாள்.

மற்றவை அடுத்த கடிதத்தில்.
பகவதி


திருவனந்தபுரம்,
12.9.1998

அன்புள்ள அக்காவுக்கு,

நாங்கள் இருவரும் நலம். இதை இந்தத் தடவை மனதாரவே எழுதுகிறேன். 11.4! எட்டிலிருந்து பதினொன்று புள்ளி நான்கு. லேபில் சீட்டை வாங்கி இரண்டு தடவை வாசித்தேன். டாக்டர் அம்மாவின் கண் இமையைக் கீழே இழுத்துப் பார்த்துவிட்டு, “மோள் நன்னாயிட்டு நோக்குன்னுண்டல்லோ” என்றார். மகள் நன்றாகக் கவனிக்கிறாள் என்று ஒரு டாக்டர் சொன்னால் எவ்வளவு வெட்கமும் பெருமையும் வருகிறது தெரியுமா? நான் வாசல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

ஓணத்துக்குப் பக்கத்து வீட்டு ஷிஜா சேச்சி (அதுதான், ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருக்கிறவள்) அடைப் பிரதமன் கொண்டுவந்தாள். தேங்காய்ப்பாலில் செய்தது. அம்மா இரண்டு கிண்ணம் சாப்பிட்டாள். மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குவது நின்றுவிட்டது. நாக்கு எரிகிறது என்கிறாள், ரசத்தில் மிளகைக் குறைத்துவிட்டேன். வேறு குறை இல்லை.

பாட்டில் அடுத்த மாதம் முடிகிறது. அதே மாத்திரை கிடைத்தால் அனுப்பு. வேறு கம்பெனி வேண்டாம்.

ஸ்வப்னாவுக்குப் பள்ளிக்கூடம் பிடித்திருக்கிறதா?
பகவதி


மஸ்கட்,
2.10.1998

அன்புள்ள பகவதி,

சுகமா என்று கேட்க வேண்டியதே இல்லாமல் ஒரு கடிதம்! அத்தானிடம் வாசித்துக் காட்டினேன். “உன் தங்கச்சியை இங்க கூட்டிட்டு வந்து எங்க கேன்டீனைக் கவனிக்கச் சொல்லு” என்கிறார். நேற்று ஸ்வப்னாவுக்கு நான்கு வயது முடிந்தது. கன்னம் இரண்டும் அப்பம் மாதிரி இருக்கிறது. போட்டோ வைத்திருக்கிறேன். ஆச்சிக்குக் காட்டு. எனக்கு இரண்டு போய் மூன்றாவதாகத் தங்கினவள். ஒவ்வொரு பிறந்தநாளும் எனக்கு நடுக்கத்தோடுதான் விடிகிறது.

இன்னும் இரண்டு பாட்டில் வருகிறது.

ஒன்று கேட்கிறேன், ஒரே வரியில் பதில் எழுது. அம்மா பால் குடிக்கிறாளா? மோர் ஊற்றிச் சாப்பிடுகிறாளா? போனில் கேட்கலாம் என்றால் மூன்று நிமிடமும் அம்மா உன் பக்கத்திலேயே நிற்கிறாள்.

உன் பதிலைப் பார்த்திருக்கும்,
பிரேமா


திருவனந்தபுரம்,
20.12.1998

அன்புள்ள அக்காவுக்கு,

தாமதத்துக்கு மன்னித்துக்கொள். அரையாண்டுப் பரீட்சைத் தாள்கள். நீங்கள் மூவரும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். போட்டோவை அம்மா தலையணைக்கு அடியில் வைத்திருக்கிறாள்.

அம்மாவுக்குக் கால் சரியில்லை. வலி இல்லை. “பஞ்சு மேல நடக்க மாதிரி இருக்குட்டி” என்கிறாள். போன வாரம் ஒரு செருப்போடு வீட்டுக்கு வந்தாள். மற்றது வழியில் கழன்று விழுந்தது அவளுக்குத் தெரியவே இல்லை. இருவரும் சிரித்தோம். ஞாயிற்றுக்கிழமை கோயிலில் கண்ணை மூடிக் கும்பிட்டவள் அப்படியே பக்கவாட்டில் சாய்ந்தாள். நான் பிடித்துக்கொண்டேன். முகம் கழுவும்போதும் சுவரைப் பிடித்துக்கொள்கிறாள். நேற்றுக் கடைக்குப் போனவள் வெறுங்கையோடு திரும்பி வந்து, “நீ என்னவோ வாங்கச் சொன்னியே?” என்றாள்.

ரத்தம் எடுத்துப் பார்த்தோம். பன்னிரண்டு. டாக்டருக்கும் அதில் குறை சொல்ல ஒன்றும் இல்லை. வாயுவாக இருக்கும், வயதாகிறதே என்றார். நான் தைலம் தேய்க்கிறேன். மாத்திரையைத் தினம் இரண்டாக்கிவிட்டேன்.

மழை நின்றுவிட்டது. காலையில் கொஞ்சம் குளிர்.
பகவதி


மஸ்கட்,
17.1.1999

அன்புள்ள பகவதிக்கு,

நாங்கள் நலம்.

மாத்திரை இன்னொரு பாட்டில் அனுப்புகிறேன். நல்ல டாக்டராகப் பார்த்துக் காட்டு. நரம்பு டாக்டர்.

நான் கேட்டதற்கு நீ பதில் எழுதவில்லை. நானும் இனிக் கேட்கவில்லை.

பிரேமா


திருவனந்தபுரம்,
9.3.1999

அக்கா,

நலம் விசாரிக்கும் வரிகளை இன்று விட்டுவிடுகிறேன்.

அம்மாவால் இப்போது பிடிக்காமல் நிற்க முடியவில்லை. ஷிஜா சேச்சி சொல்லி, நரம்பு டாக்டரிடம் கொண்டுபோனோம். அவர் ஒரு டியூனிங் ஃபோர்க்கைத் தட்டி அம்மாவின் கணுக்காலில் வைத்தார். எங்கள் காலேஜில் ஒலியைப் பற்றிச் சொல்ல வைத்திருக்கிறார்களே, அதேதான். “விறைக்குன்னதறியுன்னுண்டோ, அம்மே?” அதிர்வது தெரிகிறதா என்று. நான் இரண்டடி தள்ளி நிற்கிறேன், எனக்கே அதன் ரீங்காரம் கேட்கிறது. அம்மா அவர் கையைப் பார்த்துவிட்டு, “எது?” என்றாள்.

பிறகு என்னை மட்டும் உட்காரச் சொன்னார். அம்மா என்ன சாப்பிடுகிறாள் என்று கேட்டார். எல்லாம் சொன்னேன். கீரை, கேழ்வரகு, பயறு, நெல்லிக்காய், மாத்திரை. தயார் செய்து வைத்த பாடத்தை ஒப்பிப்பது மாதிரிச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். “பால்?” என்றார்.

போன வருடம் மயங்கி விழுந்தபோது கிளினிக்கிலும் இதே கேள்வியைக் கேட்டார்கள். “பாலும் மோரும் ஒக்கெ கழிக்குமல்லோ?” பால், மோர் எல்லாம் சாப்பிடுவார்கள்தானே என்று. அப்போது அம்மா என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். மேசைக்கு அடியில் என் கையை ஒரு அழுத்து அழுத்தினாள். நான், “உண்டு டாக்டர், தினமும்” என்றேன்.

இந்தத் தடவை அம்மா அறைக்கு வெளியே சக்கர நாற்காலியில் இருந்தாள். இல்லை என்றேன். ஐந்தரை வருடமாக ஒரு சொட்டு இல்லை.

அக்கா, தொண்ணூற்று மூன்றில் அப்பாவின் காரியத்துக்குக் காசிக்குப் போனோமே. இரண்டாவதும் தங்காமல் நீ அங்கே ஆஸ்பத்திரியில் கிடந்த மாதம். காசிக்குப் போனால் பிடித்தது ஒன்றை விட்டுவிட்டு வர வேண்டும் என்பது உனக்குத் தெரியும். எங்களோடு வந்தவர்கள் பாகற்காயையும் கொத்தவரங்காயையும் விட்டுவிட்டு, ஒருவரையொருவர் கேலி செய்துகொண்டு கரையேறினார்கள். அம்மா இடுப்பளவு தண்ணீரில் வெகுநேரம் நின்றாள். பிறகு பாலை விட்டாள். பாலும், பாலிலிருந்து வரும் தயிர், மோர், நெய் எல்லாமும். பிரேமாவுக்கு ஒரு பிள்ளை தங்க வேண்டும் என்று. நான் பக்கத்தில் நின்றேன். “யார்ட்டயும் சொல்லப்பிடாது கேட்டியா. சொன்னா பலிக்காது” என்றாள். மறு வருடம் ஸ்வப்னா பிறந்தாள். அதற்குப் பிறகு நான் எப்படிச் சொல்வேன்?

பி 12 என்று ஒரு வைட்டமின். பால், முட்டை, மீன், இறைச்சி இவற்றில் இருக்கிறது. கீரையில் இல்லை. பருப்பில் இல்லை. நான் தேடித் தேடிச் சமைத்த எதிலுமே இல்லை. உடம்பு அதைச் சில வருடத்துக்குச் சேர்த்து வைத்திருக்குமாம். சேர்த்தது தீர்ந்ததும் முதலில் ரத்தம் குறைகிறது, அதுதான் எச்சரிக்கை. நாம் கொடுத்த ஃபோலிக் ஆசிட் ரத்தத்தைச் சரிசெய்துவிட்டது. ரத்தம் சரியாக இருந்ததால் யாரும் மேலே தேடவில்லை. நரம்பு தன் பாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது. நாக்கு எரிந்ததுகூட அதனால்தான். நான் மிளகைக் குறைத்தேன்.

நீ அனுப்பியது நல்ல மாத்திரை அக்கா. அதை நீ சந்தேகப்படாதே. சொன்ன அளவு இருந்தது, கரையவும் கரைந்தது. லேபிளில் இருந்த ஒவ்வொரு எழுத்தையும் நான் வாசித்தேன். அதில் இல்லாததை வாசிக்கவில்லை. கிளினிக் டாக்டர் முதலில் எழுதிய கேப்ஸ்யூலில் பி 12 இருந்தது. உறையைப் பிரித்து, உள்ளே இருந்த பொடியை மட்டும் தேனில் குழைத்துக் கொடுத்திருக்கலாம். கெமிஸ்ட்ரி படித்தவளுக்கு அது தோன்றவில்லை.

இப்போது ஊசி போடுகிறார்கள். ஷிஜா சேச்சிதான் வந்து போடுகிறாள். “பேடிக்கண்டா மோளே”, பயப்படாதே என்று என்னைத்தான் தேற்றுகிறாள். அந்த மருந்தைப் பாலிலிருந்து எடுக்கிறார்களா என்று டாக்டரிடம் கேட்டேன். இல்லை, நுண்ணுயிர்களை வளர்த்து எடுப்பது என்றார். புரிகிறதா அக்கா? அம்மாவின் நேர்ச்சை உடைய வேண்டிய அவசியமே இருந்ததில்லை. அவள் பாலைத் தொடாமலேயே இருந்திருக்கலாம். நான் அந்த நாற்காலியில் உட்கார்ந்து உண்மையைச் சொல்லியிருந்தால் போதும்.

போனது எவ்வளவு திரும்பும் என்று சொல்ல முடியாதாம்.

பகவதி


மஸ்கட்,
2.5.1999

பகவதி,

உன் கடிதம் வந்து ஆறு வாரத்துக்கு மேல் ஆகிறது. பக்கத்து வீட்டுப் போனுக்கு நான்கு தடவை டயல் செய்து, மணி அடிப்பதற்குள் வைத்துவிட்டேன்.

எனக்குத் தெரியும்.

நீ எழுதித் தெரிந்துகொண்டேன் என்று சொல்லவில்லை. முன்பே தெரியும். பிரசவத்துக்கு அங்கே வந்து மூன்று மாதம் இருந்தேனே. அம்மா எனக்குப் பால் காய்ச்சிக் கொடுத்துவிட்டு, தனக்குப் பால் விடாத கட்டன் சாயா போட்டுக்கொள்வாள். ரசத்தோடு எழுந்துவிடுவாள். “மோர் ஒத்துக்கிட மாட்டேங்குட்டி” என்பாள். பாலாடையைச் சண்டை போட்டு எடுத்துத் தின்கிறவள். என் மடியில் ஸ்வப்னா கிடந்தாள். எனக்குக் கணக்குப் போட எவ்வளவு நேரம் ஆகும்? கேட்கவில்லை. கேட்டால் சொல்லிவிடுவாள், சொன்னால் பலிக்காது, என் பிள்ளைக்கு ஏதாவது ஆகிவிடும் என்று பயம். நீ ஐந்து வருடம் அம்மாவுக்காக வாயை மூடிக்கொண்டிருந்தாய். நான் என் பிள்ளைக்காக மூடிக்கொண்டிருந்தேன்.

பால் கொடு, மோர் கொடு என்று திரும்பத் திரும்ப எழுதினேன். “அம்மா பால் குடிக்க மாட்டாள் அக்கா” என்று நீயே ஒரு தடவை எழுதிவிட மாட்டாயா என்றுதான். நீ சொல்லி நான் தெரிந்துகொண்டால் அது நான் கேட்டதாக ஆகாது என்று எனக்குள் ஒரு வக்கீல் புத்தி. நீ எழுதியிருந்தால் அன்றைக்கே டாக்டரிடம் சொல் என்று எழுதியிருப்பேன். எழுதியிருப்பேனா? அதுவும் இப்போது நிச்சயமாகத் தெரியவில்லை.

உன் கடிதம் வந்த பிறகு ஒரு வாரம் ஸ்வப்னாவின் முகத்தைப் பார்க்க முடியவில்லை. அது வந்து என் முந்தானையை இழுத்து, “அம்மா, நான் என்ன செய்தேன்?” என்றது.

பாஸ்போர்ட் கம்பெனியில் இருக்கிறது. ஆகஸ்ட்டுக்கு முன் விடமாட்டார்கள். அத்தான் இரண்டு தடவை போய்க் கேட்டுவிட்டார்.

அம்மா இப்போது எப்படி இருக்கிறாள், என்ன பேசுகிறாள், எல்லாம் எழுது. தந்தி அடிக்காதே.

பிரேமா


திருவனந்தபுரம்,
25.5.1999

அக்கா,

உன் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு அடுப்பங்கரையில் தரையில் உட்கார்ந்திருந்தேன். கோபம் வரும் என்று பார்த்தேன். வரவில்லை. நாம் இருவரும் ஒரே வீட்டில் வளர்ந்தவர்கள்தான் என்று பட்டது, அவ்வளவுதான்.

எல்லாம் எழுதச் சொன்னாய். எழுதுகிறேன். ஊசியில் கை கொஞ்சம் தேறியிருக்கிறது, டம்ளரைத் தானே பிடிக்கிறாள். கால் இல்லை. ஞாபகம்தான் மோசம். காலையில் என்னைத் தெரிகிறது, சாயங்காலம் ஷிஜா சேச்சி என்று நினைத்து மலையாளத்தில் பேசுகிறாள். அப்பா கடையிலிருந்து வந்தாயிற்றா என்று கேட்கிறாள். போட்டோவைக் காட்டினால், “யார் பிள்ளைட்டி, நல்லாருக்கே” என்கிறாள்.

இதையெல்லாம் தாங்கிக்கொள்கிறேன். ஒன்றை முடியவில்லை. பத்து நாளாகப் பால் கேட்கிறாள். “ஒரு வாய் பால் தாயேண்டி, நாக்கெல்லாம் வறண்டு கிடக்கு.” காசி, நேர்ச்சை, ஒன்றும் அவளுக்கு நினைவில்லை. நான் திரிந்துபோச்சு என்கிறேன், பால்காரன் வரவில்லை என்கிறேன். “அவனுக்கு என்ன கொள்ளை?” என்று வைதுவிட்டுப் படுத்துக்கொள்கிறாள். மறுநாள் மறுபடி முதலிலிருந்து கேட்கிறாள். அவள் விட்டதை அவளே மறந்துவிட்டாள், நான் மட்டும் காவல் நிற்கிறேன். டாக்டர் தாராளமாகக் கொடுங்கள் என்கிறார். தெளிவாக இருந்தால் அம்மா செத்தாலும் குடிக்கமாட்டாள். எந்த அம்மாவின் பேச்சைக் கேட்பது?

அதோடு, அது நேர்ந்துகொண்டது உன் பிள்ளைக்காக. நானாகக் கொடுக்க எனக்கு உரிமை இல்லை. நீ சொல். கொடு என்றாலும் வேண்டாம் என்றாலும் நான் ஒரு வார்த்தை கேட்கமாட்டேன்.

உன் பதில் வரும்வரை திரிந்துபோச்சு என்றே சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

பகவதி


மஸ்கட்,
7.6.1999

பகவதி,

இன்றைக்கு மூன்றாவது நாளாக ஸ்வப்னாவுக்கு ஜுரம். நூற்றிரண்டு. நெற்றியில் ஈரத்துணி போட்டுவிட்டு, அது பக்கத்தில் உட்கார்ந்துதான் எழுதுகிறேன். சாதாரண வைரல் ஜுரம் என்கிறார்கள். நேற்றே உனக்கு ஒரு கடிதம் எழுதினேன். அதில் கொடுக்காதே என்று இருந்தது. ஒட்டி, விலாசமும் எழுதிவிட்டேன். காலையில் கிழித்துப் போட்டேன்.

கொடு.

நன்றாகக் காய்ச்சி, சர்க்கரை போட்டு, ஆடையோடு கொடு. பிரேமா கொடுக்கச் சொன்னாள் என்று அம்மாவிடம் சொல்லிக் கொடு. புரியாவிட்டாலும் சொல். இனி எதுவும் சொல்லாமல் கொடுக்க வேண்டாம்.

பிரேமா


திருவனந்தபுரம்,
19.6.1999

அன்புள்ள அக்காவுக்கு,

ஸ்வப்னாவுக்கு ஜுரம் இறங்கியதா? முதலில் அதை எழுது. அத்தானுக்கும் உனக்கும் உடம்பு எப்படி? உன் கடிதம் நேற்றுத்தான் வந்தது.

இன்று காலையில் கொடுத்தேன். அரை லிட்டர் வாங்கிக் காய்ச்சினேன். இந்த வீட்டில் பால் காய்ச்சிப் பழக்கம் விட்டுப்போய், பொங்கி அடுப்பெல்லாம் வழிந்துவிட்டது. வாசனை வந்ததுமே அம்மா உள்ளேயிருந்து, “பொங்குது பாருட்டி” என்று சத்தம் போட்டாள். அந்தக் குரலைக் கேட்டு எவ்வளவு நாளாயிற்று.

தலையணை வைத்து நிமிர்த்தி உட்காரவைத்தேன். “பிரேமா குடுக்கச் சொன்னாம்மா” என்றேன். டம்ளரை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள். ஆடையை விரலால் வழித்து முதலில் அதைத் தின்றாள். பிறகு கண்ணை மூடிக்கொண்டு மெதுவாகக் குடித்தாள். உதட்டுக்கு மேலே வெள்ளையாகக் கோடு. துடைக்கப் போனேன், முகத்தைத் திருப்பிக்கொண்டாள். நான் அவள் முதுகுக்குப் பின்னால் கையை வைத்துக்கொண்டு பார்த்துக்கொண்டே இருந்தேன்.

பாதியில் நிறுத்திவிட்டாள். டம்ளரை என்னிடம் நீட்டினாள்.

“இன்னும் இருக்கேம்மா, குடி.”

“எனக்கு மதி, போதும். மிச்சத்த மூடி வையி. பெரியவளுக்குக் குடு. இந்தத் தடவையாவது நிக்கணும்லா, வாயும் வயிறுமா இருக்கா பாரு.”

சரிம்மா என்று வாங்கி, தட்டால் மூடி வைத்தேன்.

பகவதி